மேசைமேல் ஓர் எக்ஸ்பிரஸ்

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955இல் பெட்டி கட்டத் தொடங்கியது. வடிவமைப்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. அந்தப் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர், அகலம் 3.245 மீட்டர். எடை, வகையைப் பொறுத்து முன்னே பின்னே இருந்தாலும், 40 டன் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ரயிலேறிய எவரும் ஒரு முறையாவது இதன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போயிருப்பார்.

இந்தப் பெட்டியை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 24.5 சென்டிமீட்டர், அகலம் 3.7 சென்டிமீட்டர். எடை எவ்வளவு? 40 டன்னை 87ஆல் வகுத்து 460 கிலோ என்று சொன்னால் சிரிப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் மூன்று முறை வகுக்க வேண்டும். விடை 61 கிராம். கணக்கு சரிதான். ஆனால் 61 கிராமில் ஒரு பெட்டியைச் செய்து தண்டவாளத்தில் விட்டால் அது முதல் வளைவிலேயே தடம் புரளக்கூடும்.

மாதிரி ரயில் ஓட்டுபவர்களுக்கென்று அமெரிக்காவில் 1935இல் ஒரு தேசியச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்றும் சக்கரத்தின் விளிம்பு முதல் மின் சமிக்ஞை வரை தரநிர்ணயம் செய்வது பெரும்பாலும் அதுதான். இந்த அளவிலான பெட்டிக்கு அது பரிந்துரைக்கும் எடை: அடிப்படையாக ஓர் அவுன்ஸ், அதற்கு மேல் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம் பெட்டிக்கு அது 165 கிராம். அசலைச் சுருக்கினால் வருவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! இரும்புத் துண்டையோ ஈயத் துண்டையோ பெட்டியின் தரைக்கடியில் ஒட்டி இந்த எடையைக் கொண்டுவருகிறார்கள். காரணம் எளிது. தண்டவாள இணைப்பில் 0.2 மில்லிமீட்டர் மேடு இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. சுருங்கிய சக்கரத்துக்கோ அது அசல் பாதையில் 17 மில்லிமீட்டர் படிக்கட்டுக்குச் சமம். தூசியும் சுருங்குவதில்லை, உராய்வும் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. சக்கரத்தைத் தண்டவாளத்தோடு அழுத்தி வைக்க எடை ஒன்றுதான் துணை.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். வெளியே பார்த்தால் அச்சு அசலாக இருக்கும் ரயிலின் உள்ளே ஏகப்பட்ட சமாளிப்புகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இயற்பியல் காரணம். சரக்கு ரயிலைவிடப் பயணிகள் ரயிலில் இந்தச் சமாளிப்பு அதிகம், ஏனென்றால் பயணிகள் பெட்டி நீளமானது. மாதிரிப் பாதையில் நடக்கும் தகராறுகளில் பெரும்பாதி அந்த நீளத்திலிருந்துதான் வருகிறது.

அளவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் கொய்ப்பிங்கன் ஊரில் 1859இல் தகர பொம்மைச் சாமான் செய்யத் தொடங்கிய மெர்க்லின் நிறுவனம், 1891இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை எட்டு வடிவப் பாதையோடு காட்டியது. மேலும் மேலும் பாதையும் பெட்டியும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளும்படி, தண்டவாள இடைவெளிகளை வரையறுத்து அவற்றுக்கு எண் கொடுத்ததுதான் அதன் வியாபார சாமர்த்தியம். இன்று உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. எனப்படும் 1:87 அளவு. இன்னும் சிறிது வேண்டுமென்றால் 1:160இல் ‘என்’ (N) அளவு உண்டு. மெர்க்லின் 1972இல் கொண்டுவந்த இசட் அளவு 1:220, தண்டவாள இடைவெளி வெறும் 6.5 மில்லிமீட்டர். கண்ணும் விரலும் ஒத்துழைப்பவர்களுக்கு மட்டும் அது.

உலகின் நிலையான ரயில் பாதை 1435 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 16.5 வருகிறது. எச்.ஓ. தண்டவாளம் அதே அளவில்தான் செய்யப்படுகிறது. பிரிட்டிஷ்காரர்கள் இங்கே ஒரு கோணல் செய்தார்கள். அவர்களுடைய இன்ஜின்கள் சிறியவை, அன்றைய மோட்டார் 1:87 உடலுக்குள் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் 1:76க்குப் பெரிதாக்கி, தண்டவாளத்தை 16.5லேயே விட்டுவிட்டார்கள். அந்தக் குறுகலான பாதையில்தான் இன்றும் பிரிட்டனின் மாதிரி ரயில்கள் ஓடுகின்றன. சிரிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 1:87இல் அது 19.3 ஆக வேண்டும். அதற்கான தண்டவாளம் கடையில் கிடைப்பதில்லை என்பதால், இந்திய மாதிரிப் பெட்டிகளும் 16.5லேயே ஓடுகின்றன. பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நேர் எதிரே குனிந்து பார்த்தால் பெட்டி சற்றே ஒல்லியான காலில் நிற்கும்.

இனி வளைவுக்கு வருவோம். மேசைமேல் போடும் பாதையின் விதியை எழுதுவது வளைவுதான். இந்திய அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். சுருக்கினால் 2 மீட்டர். அதாவது ஒரு ரயில் திரும்பி வர 4 மீட்டர் அகலமுள்ள அறை முழுவதும் வேண்டும். பெட்டியில் போட்டு விற்கும் தொடக்கநிலைத் தண்டவாளத்தின் ஆரமோ 36 சென்டிமீட்டர். அசலில் அது 31 மீட்டர். எந்த விரைவு ரயிலும் அதில் நுழையவே முடியாது. மாதிரி ரயில் நுழைகிறது, ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

பெட்டி உட்கார்ந்திருப்பது இரண்டு சக்கர வண்டிகளின் மேல். ஐ.சி.எஃப். பெட்டியில் அவற்றின் மையங்களுக்கு இடையே 14.783 மீட்டர், மாதிரியில் 17 சென்டிமீட்டர். வளைவில் இந்த இரு மையங்களும் பாதையின் மேல் நிற்கும். நடுப்பகுதி நாணைப்போல வளைவின் உட்பக்கம் விலகும். எவ்வளவு விலகும் என்பது பள்ளிக்கூடத்து வடிவியல்தான்: மைய இடைவெளியின் வர்க்கத்தை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 36 சென்டிமீட்டர் வளைவில் விடை 10 மில்லிமீட்டர். அசல் அளவில் 87 சென்டிமீட்டர்! உண்மையான 175 மீட்டர் வளைவில் இந்த விலகல் 16 சென்டிமீட்டர்தான். பெட்டியின் இரு முனைகளும் இதேபோல வெளிப்பக்கம் 11 மில்லிமீட்டர் துருத்துகின்றன. பிளாட்பாரத்தை வளைவில் கட்டினால் பெட்டி அதை இடிக்கும். இரட்டைப் பாதை போட்டால் உட்பாதை ரயிலின் முனை வெளிப்பாதை ரயிலின் வயிற்றைத் தேடிப் போகும். மெர்க்லின் தன் உள்வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே 77.5 மில்லிமீட்டர் விட்டிருப்பது இதற்காகத்தான்.

ஆகவே பாதை போடுமுன் ஒரு கட்டைவிரல் கணக்கு போடுவார்கள். பெட்டி நீளத்தின் இரு மடங்கு ஆரத்தில் சில பெட்டிகள் மட்டும் தப்பிப் போகும். இரண்டரை மடங்கில் பெரும்பாலானவை போகும். மூன்று மடங்கில் நம்பி ஓட்டலாம். ஐந்து மடங்குக்குப் போனால் வளைவிலேயே பெட்டிகளைத் தாமாகக் கோத்துக்கொள்ள வைக்கலாம். நம் பெட்டிக்கு மூன்று மடங்கு என்பது 73.5 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் அகலப் பலகை கேட்கும். இடம் இல்லையா? அறையின் சுவரை ஒட்டி அலமாரிபோலப் பாதையைச் சுற்றிக் கொண்டுபோகலாம். நடுவில் நாம் நிற்கலாம். கதவைக் கடக்கும் இடத்தில் மட்டும் தூக்கி மடக்கும் பாலம் ஒன்று வேண்டும். என்னைக் கேட்டால் நடுமேசையைவிட இதுவே மேல். ரயிலை எப்போதும் வளைவின் உட்பக்கமிருந்து பார்ப்பதால் பெட்டிகளின் இடைவெளிகள் மூடினதுபோல் தெரியும்; கூர்மையான வளைவின் அசிங்கம் கண்ணில் படாது.

எதிரெதிர் வளைவு இன்னும் மோசம். இடப்பக்கம் திரும்பிய பாதை உடனே வலப்பக்கம் திரும்பினால், கோத்திருக்கும் இரு பெட்டிகளில் ஒன்றின் முனை இந்தப் பக்கம் 11, மற்றதன் முனை அந்தப் பக்கம் 11 மில்லிமீட்டர் போகும். 22 மில்லிமீட்டர் வித்தியாசம், தண்டவாள இடைவெளியைவிட அதிகம். கொக்கி பக்கவாட்டில் இழுத்துப் பெட்டியைத் தூக்கிவிடும். இரண்டு வளைவுகளுக்கும் நடுவே ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப்பாதை போட்டால் தொல்லை தீர்ந்தது. பாதையைப் பிரிக்கும் பாயிண்ட்டுகளை எதிரெதிராக வைத்து ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடங்களில் இந்த வளைவு ஒளிந்திருக்கும். படத்தில் தெரியாது, ஓட்டும்போது தெரியும்.

அசலில் இரண்டு பெட்டி உடல்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர், மாதிரியில் 11 மில்லிமீட்டர். கூர்மையான வளைவில் உட்பக்க மூலைகள் ஒன்றையொன்று நோக்கி 13 மில்லிமீட்டர் வரை நகரப் பார்க்கும், அதாவது மோதும். பழைய தயாரிப்பாளர்கள் கொக்கியை நீட்டிவிட்டார்கள். நேர்ப்பாதையில் பெட்டிகள் சண்டைபோட்டவர்களைப்போல் விலகி நிற்கும். ஐரோப்பியப் பொறியாளர்கள் பிறகு ஒரு நேர்த்தியான வழி கண்டார்கள். கொக்கியின் தண்டைப் பெட்டிக்கடியில் ஒரு வளைந்த காடியில் பொருத்தினார்கள். வளைவில் தண்டு பக்கவாட்டில் திரும்பும்போது காடி அதை வெளியே தள்ளுகிறது. நேர்ப்பாதைக்கு வந்ததும் ஒரு மெல்லிய வில் உள்ளே இழுக்கிறது. பெட்டிகள் நேராக ஓடும்போது ஒட்டியும், திரும்பும்போது விலகியும் போகின்றன. மின்சாரமும் இல்லை, மின்னணுச் சில்லும் இல்லை, வெறும் காடி.

இவ்வளவு கூர்மையான வளைவில் ரயில் ஏன் வெளிப்பக்கம் கவிழ்வதில்லை என்று கேட்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 87ஆல் வகுத்தால் விநாடிக்கு 32 சென்டிமீட்டர். நாம் நடக்கும் வேகத்தில் கால் பங்கு. வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகமும் ஆரமும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் பக்கவாட்டு முடுக்கம் 87 மடங்கு குறைந்துவிடும். 31 மீட்டர் வளைவில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் உண்மையான ரயிலைப் புவியீர்ப்பின் இரண்டரை மடங்கு விசை வெளியே எறியும். மாதிரியில் அது புவியீர்ப்பில் நூற்றுக்கு மூன்று பங்கு. ஆகவே வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்துவது இங்கே வெறும் அழகுக்கு. மிகைப்படுத்தினால் கெடுதலும்கூட. மாதிரி ரயில் கவிழ்வது உட்பக்கம்தான். நீண்ட ரயிலை ஏற்றமான வளைவில் இழுக்கும்போது கொக்கிகளின் இழுவிசை நடுப்பெட்டியை நேர்க்கோட்டுக்கு இழுக்கப் பார்க்கும். இலேசான பெட்டி உள்ளே சாயும். முதலில் சொன்ன 165 கிராமின் இன்னொரு பயன் இது.

விழுவதும் ஆடுவதும் வேறு கணக்கு. அவற்றின் காலம் சுருக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 87க்கு அது 9.3. மாதிரிப் பெட்டியின் ஆட்டம் பதறுவதுபோல் வேகமாக இருப்பது அதனால்தான். திரைப்படங்களில் மாதிரி ரயில் பாலத்திலிருந்து விழும் காட்சியை அதிவேகக் கேமராவில் எடுத்து மெதுவாக ஓட்டுவதும் இதே கணக்கில்தான்.

இழுவைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு மீட்டர்ப் பலகையில் தண்டவாளத்தை வைத்து, பெட்டியை நிறுத்தி, ஒரு முனையை மெதுவாகத் தூக்க வேண்டும். 2 சென்டிமீட்டர் உயரத்தில் பெட்டி உருளத் தொடங்கினால் அதன் உருளும் எதிர்ப்பு எடையில் 2 விழுக்காடு. எஃகின் மேல் எஃகு உருளும் உண்மையான ரயிலில் இது ஆயிரத்தில் ஒன்று இரண்டுதான். நல்ல மாதிரிப் பெட்டிகளில் அச்சின் நுனியை ஊசிபோலக் கூராக்கிக் கூம்புக்குழிக்குள் உட்காரவைப்பது இந்த எதிர்ப்பைக் குறைக்க. உராயும் இடத்தின் ஆரம் சிறிதானால் உராய்வின் பிடியும் தளரும். இப்போது பத்துப் பெட்டி ரயிலைக் கணக்கிடுவோம். மொத்தம் 1650 கிராம். சமதளத்தில் உருட்ட 33 கிராம் விசை. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் ஏறும் பாதையில் இன்னொரு 33. இன்ஜின் தன்னையே தூக்கிக்கொள்ள 8. கூட்டினால் 74. 400 கிராம் இன்ஜின், எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழுக்கும் என்று கொண்டால், அதன் திறன் 80. வளைவின் எதிர்ப்பைச் சேர்த்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். 123 டன் டபிள்யூ.ஏ.பி.-7 இன்ஜின் 24 பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும்போது அதன் மாதிரி பத்துக்கே திணறுவது இதனால்தான். சிலர் ஓரிரு சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் மாட்டுவார்கள். பிடி கூடும். ஆனால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்கும் வேலையிலிருந்து விலகிவிடும்.

பலகை போடுவதைப் பற்றி நூல்கள் அதிகம் பேசும். நான் கொஞ்சமாகப் பேசுகிறேன். பிளைவுட் போதும், ஆனால் அடியில் சட்டம் உறுதியாக இருக்க வேண்டும். தண்டவாளத்தை நேராகப் பலகையில் ஆணியடித்தால் மோட்டாரின் முனகலைப் பலகை வீணைக்குடம்போல வாங்கிப் பெருக்கிவிடும். நடுவே கார்க் தகடு ஒன்று வைத்தால் அடங்கும். சென்னை போன்ற ஊரில் வெயிலைவிட ஈரப்பதம்தான் பெரிய எதிரி. 5 மீட்டர் தண்டவாளம் 15 டிகிரி சூட்டில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நீளும். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கோடையில் சுருங்குவதோ அதைவிட மோசமாக இணைப்புகளைக் கோணலாக்கும். மரத்துக்கு எல்லாப் பக்கமும், அடிப்பக்கம் உட்பட, வண்ணம் பூசிவிட வேண்டும்.

ஜல்லிக்கு ஒரு வார்த்தை. அசல் ஜல்லி 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். நமக்கு முக்கால் மில்லிமீட்டர். சலித்த மணல் போதும். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வெறும் கரைசல் மணல்மேல் முத்தாக உருண்டு நின்றுவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்தால் பரப்பு இழுவிசை உடைந்து, கரைசல் மணிகளுக்கிடையே தானாக இறங்கிப் பரவும். பாயிண்ட்டின் நகரும் நாக்குப் பக்கம் இந்த வேலையைச் செய்யும்போது மட்டும் கை நடுங்கக் கூடாது.

மின்சாரம் தண்டவாளத்தின் வழியேதான் வருகிறது. இரண்டு தண்டவாளம், இரண்டு முனை. பழைய முறையில் 12 வோல்ட் நேர்மின்சாரம்: வோல்ட்டைக் கூட்டினால் வேகம், முனைகளை மாற்றினால் எதிர்த்திசை. மின்சாரம் பாதையில் இருப்பதால் பாதையிலிருக்கும் எல்லா இன்ஜினும் ஒன்றாக ஓடும். ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்ட, பாதையைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் வைக்க வேண்டும்.

ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் 1980களின் இறுதியில் உருவாக்கிய டி.சி.சி. முறை இந்தச் சுவிட்ச் காட்டை ஒழித்தது. மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம் 1990களில் அதைப் பொதுத் தரமாக ஏற்றது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கிறது. ஆனால் முனைகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த மாற்றத்தின் இடைவெளியே செய்தி. 58 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை மாறினால் அது 1. 100 மைக்ரோ விநாடி எடுத்துக்கொண்டால் அது 0. வரிசையாகப் பதினான்கு 1கள் வந்தால் புதிய செய்தி தொடங்கப்போகிறது என்று பொருள். பிறகு இன்ஜினின் முகவரி, பிறகு கட்டளை, கடைசியில் முதலிரண்டையும் சரிபார்க்க ஓர் எண். விநாடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட செய்திகள் போகும். ஒவ்வோர் இன்ஜினுக்குள்ளும் இருக்கும் சில்லு, தன் முகவரி இல்லாத செய்தியைக் கேட்டும் கேளாததுபோல் விட்டுவிடும். சரிபார்ப்பு எண் பொருந்தாத செய்தியையும் தள்ளிவிடும். கவலை இல்லை, அதே கட்டளை மீண்டும் வரும்.

சில்லின் இன்னொரு வித்தை எனக்கு வியப்பு. மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறது. ஒரு கணம் கொடுப்பதை நிறுத்தி, சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தானே ஜெனரேட்டராகி உண்டாக்கும் வோல்ட்டை அளக்கிறது. அந்த வோல்ட்தான் வேகம். ஏற்றத்தில் வேகம் குறைந்தால் மின்சாரத்தைக் கூட்டுகிறது. பிளாட்பாரத்தில் பயணிகள் ரயில் ஊர்ந்து வந்து நிற்பது, இந்த அளவீடு இல்லாமல் இவ்வளவு சீராக வராது.

நிற்பதும் தனிக்கதை. 40 டன் பெட்டிகளின் வரிசைக்கு உந்தம் உண்டு, பிரேக் போட்ட பிறகும் நெடுந்தூரம் ஓடும். மாதிரியின் நிறை மூன்று பரிமாணத்திலும் சுருங்கிவிட்டது. அதோடு மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புழுப் பற்சக்கரம் ஒருவழிப் பாதை: மோட்டார் சக்கரத்தைச் சுற்றலாம், சக்கரம் மோட்டாரைச் சுற்ற முடியாது. மின்சாரம் போனால் இன்ஜின் ஆணியடித்ததுபோல் நிற்கும், பின்னால் வரும் பெட்டிகள் மோதும். ஆகவே மோட்டாரின் தண்டிலேயே ஒரு பித்தளை உருளையைச் செருகுகிறார்கள். நிறை சிறிது, ஆனால் வேகமாகச் சுழல்வதால் சேமிக்கும் ஆற்றல் பெரிது. அழுக்கான ஒரு சென்டிமீட்டர் தண்டவாளத்தைத் தாண்டிவிட அது போதும். மீதியைச் சில்லு நடிக்கிறது. அதன் மூன்றாம் எண் அமைப்பில் வேகமெடுக்கும் நேரத்தையும், நான்காம் எண் அமைப்பில் நிற்கும் நேரத்தையும் எழுதிவைக்கலாம்.

இரவு ரயில் என்றால் பெட்டிக்குள் விளக்கு எரிய வேண்டும். இதில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். சக்கரத்தில் ஒரு துகள் ஒட்டினாலும் எல்.இ.டி. சிமிட்டும். ஒரு மின்தேக்கி இதற்கு மருந்து. ஒரு பெட்டியின் விளக்குகள் 10 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டால், 1000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 5 வோல்ட் இறங்குவதற்குள் அரை விநாடி தாக்குப்பிடிக்கும். பத்துப் பெட்டிகளில் பத்து மின்தேக்கி வைத்தால் புதுத் தொல்லை: ரயிலைப் பாதையில் வைத்தவுடன் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தை உறிஞ்ச, கட்டுப்பாட்டுப் பெட்டி ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அணைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 100 ஓம் மின்தடை போட வேண்டும். சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்க வைக்கும் மெல்லிய வெண்கலக் கம்பி அச்சை அழுத்துவதால் உருளும் எதிர்ப்பு கூடுகிறது. விளக்குப் போட்ட பத்துப் பெட்டியை இழுக்க முடியாத இன்ஜின், விளக்கில்லாத பத்தை இழுக்கும்.

தண்டவாளம் நிக்கல் சில்வர் என்ற உலோகம். பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மோசம். இணைப்புத் தகடுகள் காலப்போக்கில் தளரும். ஆகவே பலகைக்கடியில் தடித்த செம்புக் கம்பி இரண்டை ஓடவிட்டு, மீட்டருக்கு ஒரு முறையாவது தண்டவாளத்தோடு பற்றவைக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாய் நாணயம் போதும். பாதையின் ஒவ்வோர் இடத்திலும் அதைக் குறுக்கே வைத்து வாருங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே அணைந்தால் கம்பி வழி நல்லது. அணையாமல் நாணயம் சுட்டால், அந்த இடத்தில் வோல்ட் போதிய மின்னோட்டத்தைத் தள்ளவில்லை. நாளைக்கு அங்கே ரயில் தடம் புரண்டு ஷார்ட் ஆனால் சக்கரம் உருகும்.

ரயில் ஓடத் தொடங்கியதும் வரும் ஏமாற்றம் தூரம். 24 ஐ.சி.எஃப். பெட்டியும் இன்ஜினும் சேர்ந்து மாதிரியில் 6.4 மீட்டர், பல வீட்டுக் கூடத்தைவிட நீளம். கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான 29 கிலோமீட்டர் 333 மீட்டர் ஆகும். எனவே ஆறு பெட்டியை எக்ஸ்பிரஸ் என்று ஒப்புக்கொள்கிறோம். பிளாட்பாரத்தையும் அதற்கேற்ப வெட்டுகிறோம். அட்டவணைப்படி ஓட்டுபவர்கள் கடிகாரத்தையே வேகப்படுத்துவார்கள். ஒரு மணி நேரம் பத்து அல்லது பதினைந்து நிமிடத்தில் முடியும். ரயில் அசல் வேகத்தைச் சுருக்கி ஓட, கடிகாரம் மட்டும் நான்கு முதல் ஆறு மடங்கு விரையும். பொருந்தாத இரண்டு காலம் ஒரே பலகையில். ஆனால் விளையாட்டு அதனால்தான் விளையாட்டாகிறது. முனைய நிலையத்துக்கு வந்த ரயிலின் இன்ஜினைக் கழற்றி, பக்கத்துப் பாதையில் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் கோத்து, எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட்டு நேரத்துக்குக் கிளப்புவது, வட்டத்தில் சுற்றவிட்டுப் பார்ப்பதைவிட எத்தனையோ மேல்.

இடம் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க ஹாம்பர்க் போக வேண்டும். ஃபிரெடெரிக், கெரிட் பிரவுன் சகோதரர்கள் 2001இல் அங்கே பழைய துறைமுகக் கிடங்கில் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரயில்கள் 1:87இல் இருக்கின்றன. பாதை 15 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தொலைவு போக முடியாதவர்களுக்குப் புனேயில் 1998இல் திறந்த ஜோஷி மாதிரி ரயில் அருங்காட்சியகம் உண்டு. இரண்டிலும் காட்சிக்குப் பின்னால் நடப்பது துடைப்பதும் எண்ணெய் விடுவதும்தான்.

பராமரிப்பில் முதல் எதிரி தண்டவாளத்தில் படியும் கருப்பு. சக்கரம் ஓடும்போது நுண்ணிய தீப்பொறிகள் எழுகின்றன. அவை உலோகத்தை ஆக்சைடாக்கித் தூசியோடும் எண்ணெயோடும் பிசைந்து ஒட்டுகின்றன. பிளாஸ்டிக் சக்கரம் இந்தப் பிசினைப் பாதை முழுக்கத் தடவும். உலோகச் சக்கரத்துக்கு மாற்றினால் பாதி வேலை குறையும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், ஆனால் கீறல்களில் அடுத்த அழுக்கு இன்னும் வேகமாகக் குடியேறும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி பாதுகாப்பானது. சிலர் அதைவிட மினரல் டர்பன்டைன் நல்லது, மீண்டும் கருக்க நாளாகிறது என்பார்கள். இரண்டும் எரியக்கூடியவை, மின்சாரத்தை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். இரும்பு நார் மட்டும் கூடவே கூடாது, அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். நம் ஊரில் கூடுதலாகப் பல்லி எச்சம். அதற்குப் பாதைமேல் ஒரு மெல்லிய துணி விரிப்பதைத் தவிர நான் வேறு வழி காணவில்லை.

இன்ஜின் சக்கரத்தைச் சுத்தம் செய்ய ஒரு சுலபமான உபாயம். கரைப்பான் நனைத்த காகிதத் துண்டைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு சக்கர வண்டியை அதன்மேலும் மற்றதை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்தி, கையால் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். சக்கரம் காகிதத்தில் சுழன்று கருப்புக் கோடு போடும். எண்ணெய் என்றால் ஊசி முனையில் ஒரு துளி, அதுவும் பிளாஸ்டிக்கை அரிக்காத வகை. மோட்டாரின் கார்பன் தொடும் பகுதியில் எண்ணெய் பட்டால் தூளோடு சேர்ந்து சேறாகும். பழைய துத்தநாக வார்ப்பு உடல் தானாக விரிசல்விட்டு உப்பினால் எண்ணெய் எதுவும் உதவாது. வார்க்கும்போது கலந்த ஈயத்தின் மாசு உலோகத்தின் படிக எல்லைகளை உள்ளிருந்து அரிக்கிறது. அதற்கு மருந்து கிடையாது.

தடம் புரளுவதற்குக் காரணம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது எங்கே, எந்தப் பெட்டி என்பதை. எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் புரண்டால் பாதையில் குற்றம்: இணைப்பில் மேடு, அல்லது பாயிண்ட்டின் நாக்கு சரியாக ஒட்டவில்லை. ஒரே பெட்டி எல்லா இடத்திலும் புரண்டால் அந்தப் பெட்டியில் குற்றம். அதன் சக்கர ஜோடியைக் கழற்றி, உட்பக்க இடைவெளி சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் குறைந்தாலே பாயிண்ட்டின் மூக்கில் ஏறிவிடும். ஒரே பெட்டி ஒரே இடத்தில் மட்டும் புரண்டால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் குறை இருக்கிறது. அந்த நேரத்தில் அளவுகோலை எடுத்துக்கொண்டு இரண்டையும் பார்க்க வேண்டியதுதான். பார்த்துத் திருத்திய பிறகு ரயிலை முன்னே இழுத்துச் சோதிக்காமல், முழு வரிசையையும் பின்னோக்கித் தள்ளி எல்லாப் பாயிண்ட்டின் மேலும் கொண்டுபோங்கள். இழுக்கும்போது அடங்கிக் கிடக்கும் கோணல்கள் தள்ளும்போது வெளியே வரும்.